கடல் காற்றின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: இறால் கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன். இறால் கருக்காமல் இருக்கப் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி எடுப்பது என் வேலை. ஒரு வருஷமாக ராத்திரி இருமல், விடியற்காலையில் நெஞ்சு இறுகி வீசிங். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் மாமியார். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. இன்ஹேலர் எடுத்தால் அதுவே பழகிவிடுமா?
- வாசகி, மண்டபம்

பதில்: பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் மண்டபத்தில் அதே கடல் காற்றுதானே அடித்தது? விசைப்படகு போகவில்லை, இறால் வரவில்லை, பவுடரைத் தொடவில்லை, மூச்சும் சரியாக இருந்தது. எனக்குச் சந்தேகம் அந்தப் பவுடர் மேல்தான்.

அது பெரும்பாலும் சோடியம் மெட்டாபைசல்பைட்டாக இருக்கும். தண்ணீரில் கரையும்போது சல்பர் டை ஆக்சைடு வாயு கிளம்பும். தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறுமே, அந்த நெடி. மூட்டையை உயரத்திலிருந்து கொட்டினால் தூளும் சேர்ந்து உள்ளே போகும். தினமும் இழுக்க இழுக்க மூச்சுக்குழாய் புண்பட்டுச் சுருங்கப் பழகிவிடுகிறது, வேலையால் வரும் ஆஸ்துமா என்பது இதுதான். பகலில் பட்டது சிலருக்குப் பல மணி நேரம் கழித்துத்தான் இருமலாக வரும், அதனால்தான் வேலையை யாரும் சந்தேகிப்பதில்லை.

டாக்டரிடம் "வீசிங்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள், என்ன வேலை, எந்தப் பவுடர், தடைக்காலத்தில் எப்படி இருந்தது எல்லாம் சொல்லுங்கள். முடிந்தால் பவுடர் மூட்டையின் லேபிளைப் போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் வேலை நாளிலும் லீவு நாளிலும் தினம் நான்கு முறை அளந்து எழுதச் சொல்வார்கள். வேலையை விட்டுவிட்டு டெஸ்ட்டுக்குப் போனால் வித்தியாசம் தெரியாமல் போய்விடும், அதனால் இப்போதே போங்கள்.

இன்ஹேலர் பழக்கமாகாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் நெடியையும் இழுத்துக்கொண்டு இன்ஹேலரையும் இழுத்தால் நோய் முற்றத்தான் செய்யும். முகத்தில் துண்டு கட்டினாலும் சாதா மாஸ்க் போட்டாலும் வாயு நிற்காது. பவுடர் பக்கம் போகாத வேலைக்கு மாற்றச் சொல்லி, டாக்டர் சீட்டோடு சூப்பர்வைசரிடம் கேளுங்கள். கூலி போய்விடுமோ என்ற தயக்கம் புரிகிறது, ஆனாலும் சீக்கிரம் விலகினால்தான் முழுசாகத் தேற வாய்ப்பு அதிகம். நடுவில் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.