சலைன் ஏற்றினால் ரத்தத்தில் அமிலம் கூடுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி, பிரஷர் இறங்கிப்போய் ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். முதல் நாள் எட்டு பாட்டில் நார்மல் சலைன் ஏற்றினார்கள். பிரஷர் ஏறிவிட்டது. ஆனால் மறுநாள் காலை, ‘ரத்தத்தில் அமிலம் இருக்கிறது’ என்று சலைனை நிறுத்திவிட்டு ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) திரவம் போட்டார்கள். கிரியாட்டினின் 2.1, பொட்டாசியம் 5.1. ஆர்.எல்.லில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகம் சரியில்லாதவருக்கு ஆகாது என்கிறான் பார்மசி படிக்கும் என் தம்பி. லாக்டேட்டும் இருக்கிறதாமே? சலைன் வெறும் உப்புத் தண்ணீர்தானே, அதில் எப்படி அமிலம் வந்தது? ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.
— கரூர் வாசகர்

பதில்: ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதலில் ஆறுதலான விஷயம். சேர்த்த அன்று 4.2 இருந்த லாக்டேட், மறுநாள் காலை 1.6. ரத்த ஓட்டம் போதாமல் உடம்பு தவிக்கும்போது ஏறுவது அது. இறங்கியிருக்கிறது என்றால் சிகிச்சை வேலை செய்கிறது. அப்படியிருந்தும் பைகார்பனேட் 18-லிருந்து 16-க்கு இறங்கியது ஏன்? அதே தாளில் குளோரைடைப் பாருங்கள். 101 இருந்தது 113 ஆகியிருக்கிறது.

சலைன் உப்புத் தண்ணீர்தான். ஆனால் அதிலிருக்கும் விகிதம் ரத்தத்தின் விகிதம் இல்லை. ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு: சோடியம் 154, குளோரைடு 154 மில்லிமோல். நம் ரத்தத்திலோ சோடியம் 140 பக்கம், குளோரைடு 100 பக்கம். சோடியம் கொஞ்சம்தான் கூடுதல், குளோரைடு ஒன்றரை மடங்கு! ரத்தத்தில் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் எப்போதும் சமமாக இருந்தாக வேண்டும். எதிர்மின் பக்கத்தில் குளோரைடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தால் பைகார்பனேட் இடம் விட வேண்டியதுதான். அமிலத்தைத் தணிப்பதே பைகார்பனேட். அது குறையக் குறைய ரத்தம் அமிலப் பக்கம் சாயும். அப்பாவுக்கு ஏறியது அரை லிட்டர் பாட்டில் எட்டு, ஆக 36 கிராம் உப்பு. சாப்பாட்டில் நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வாரத்து உப்பு ஒரே நாளில் உள்ளே போயிருக்கிறது.

அமிலம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழிக்க வேண்டும். சேர்த்த அன்று 136 − 101 − 18 = 17, சற்று அதிகம். லாக்டேட் போன்ற, நோய் உண்டாக்கிய அமிலங்களின் கணக்கு அது. மறுநாள் 140 − 113 − 16 = 11, சரியான அளவு. நோயின் அமிலம் வடிந்து, சலைனின் அமிலம் வந்திருக்கிறது.

இந்தக் கழித்தலை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதைப் போடாமல் ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மட்டும் பார்த்தால், ‘அமிலம் இன்னும் இருக்கிறதே, ஷாக் (ரத்த ஓட்டம் போதாத நிலை) தீரவில்லை’ என்று தோன்றும். இன்னொரு சலைன் ஏறும். குளோரைடு மேலும் கூடும், அமிலமும் கூடும். நான் மேற்படிப்பில் இருந்தபோது ஓர் இரவு டூட்டியில் இதேதான் நடந்தது. மூன்றாவது ஏ.பி.ஜி. (தமனி ரத்தத்தில் அமிலம், வாயு அளவு பார்க்கும் பரிசோதனை) வந்த பிறகு சீனியர் வந்து குளோரைடின் மேல் விரல் வைத்துக் காட்டினார். அன்றிலிருந்து எந்தத் தாளை வாங்கினாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. உங்கள் அப்பாவின் மருத்துவர் அதைக் கவனித்துத்தான் பாட்டிலை மாற்றியிருக்கிறார்.

சரி, தம்பியின் கவலைக்கு வருவோம். ஆர்.எல்.லில் பொட்டாசியம் உண்டு, லிட்டருக்கு 4 மில்லிமோல். அப்பாவின் ரத்தத்தில் 5.1. ஐந்து இருக்கும் இடத்தில் நான்கு உள்ள திரவத்தைக் கலந்தால் அளவு ஐந்துக்கு மேல் போக வழியில்லை. சலைனில் பொட்டாசியமே கிடையாது, ஆனால் அது உண்டாக்கும் அமிலம் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. சிறுநீரக மாற்று அறுவையின்போது இரண்டையும் ஒப்பிட்டு 2005-இல் வெளியான ஆய்வில் பொட்டாசியம் அதிகம் ஏறியது சலைன் பெற்றவர்களுக்குத்தான்.

லாக்டேட் பற்றிய பயமும் வேண்டாம். அதில் இருப்பது சோடியம் லாக்டேட், லாக்டிக் அமிலம் அல்ல. கல்லீரல் அதை எரிக்கும்போது பைகார்பனேட்தான் மிஞ்சுகிறது. 1930-களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ரிங்கர் திரவத்தில் லாக்டேட்டைச் சேர்த்ததே அமிலத்தைத் தணிக்கத்தான். கல்லீரல் மிக மோசமாகப் பழுதானவர்களிடம் மட்டும் யோசித்துக் கொடுப்போம்.

அதற்காக முதல் நாள் சலைன் போட்டது தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 2018-இல் அமெரிக்காவில் சுமார் 15,800 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மரணம், டயாலிசிஸ் தேவை, நீங்காத சிறுநீரகப் பாதிப்பு மூன்றும் சேர்த்து சலைன் பெற்றவர்களில் 15.4 சதவீதம், ஆர்.எல். போன்ற திரவம் பெற்றவர்களில் 14.3 சதவீதம். சிறிய வித்தியாசம். பிரேசிலில் 2021-லும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 2022-லும் வெளியான பெரிய ஆய்வுகளில் மரண விகிதத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஓரிரு பாட்டிலுக்கு எதுவானாலும் பெரிய கெடுதல் இல்லை. லிட்டர் கணக்கில் போகும்போது, அதுவும் அப்பாவுக்கு வந்ததுபோல் தொற்று முற்றிய செப்சிஸில், நான் ஆர்.எல். பக்கம்தான். தலையில் அடிபட்டவருக்கு ஆர்.எல். மூளை வீக்கத்தைக் கூட்டலாம், அங்கே சலைன். ஓயாமல் வாந்தி எடுத்துக் குளோரைடை இழந்தவருக்கும் சலைனே மருந்து.

இனி எந்தப் பாட்டில் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் முக்கியம். பிரஷர் நிலைத்த பிறகும் திரவம் ஏறிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். நாளை மருத்துவரைப் பார்க்கும்போது, 24 மணி நேரத்தில் உள்ளே போன திரவம் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு, இன்றைய குளோரைடும் பைகார்பனேட்டும் என்ன என்று கேளுங்கள். சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்கு மேல் தொடர்ந்து போய், கிரியாட்டினினும் இறங்கத் தொடங்கினால், கூடுதல் குளோரைடைச் சிறுநீரகமே இரண்டு மூன்று நாளில் வெளியேற்றிவிடும்.