மொரீஷியஸின் கியூர்பிப் ஈரத்தில் கிடந்த பழைய பென்டாக்ஸ் கேமரா: எதை நாமே சரிசெய்யலாம்?

கேள்வி: தாத்தாவின் பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா தோலுறையோடு அலமாரியில் பல வருடம் கிடந்தது. லென்சுக்குள் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது. பின்கதவைத் திறந்தால் கறுப்புப் பிசின் கையில் ஒட்டுகிறது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள்ளும் அசையவில்லை. வீட்டிலேயே சரிசெய்யலாமா? (வாசகர், கியூர்பிப்)

பதில்: பாதி வேலையை நீங்களே செய்யலாம். முதலில் கேமராவைத் தோலுறையிலிருந்து வெளியே எடுங்கள். குளிர்காலத்திலும் தூறல் விடாத உங்கள் ஊரில் தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். லென்சில் சிலந்தி வலை மாதிரி தெரிவது பூஞ்சையாக இருக்கலாம்; அதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

காசு செலவழிக்கும் முன் ஷட்டரைப் பாருங்கள். அது முழுக்க இயந்திரம், பேட்டரி தேவையில்லை. ஃபிலிம் போடாமல், லென்சைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வேகத்தை 1/1000 நொடியில் வைத்து வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி அழுத்துங்கள். சட்டத்தின் ஒரு பக்கம் இருண்டால் ஷட்டரின் இரண்டு திரைகளின் வேகம் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அது மெக்கானிக்கின் வேலை.

பிசினாக ஒட்டுவது, வெளிச்சம் புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை. வயதானால் அது மக்கிவிடும். உதிரும் துணுக்கு ஷட்டர் திரையில் ஒட்டினால் தொல்லை, அதனால் கேமராவைத் திறந்த பக்கம் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் லேசாகத் தொட்டுப் பட்டைமேல் தடவி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். இரும்பு வேண்டாம். அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். காடியில் (பட்டை பதிந்திருக்கும் பள்ளத்தில்) பசை துளியும் மிஞ்சக் கூடாது. பிறகு காடிகளுக்கு 1.5 மி.மீ., கீல் பக்கத்துக்கு 2 மி.மீ. நுரையை வெட்டி ஒட்டுங்கள். ஒட்டும் பக்கத்தை எச்சிலால் நனைத்தால் (சிரிக்காதீர்கள்) சில நிமிடம் நகர்த்திச் சரிபார்க்கலாம். லென்சுக்குப் பின்னால் உள்ளே இருக்கும் முகம் பார்க்கும் மாதிரிக் கண்ணாடிக்கு முன்பக்கம்தான் பிரதிபலிக்கும் பூச்சு. அதைத் துடைக்காதீர்கள், அழுத்தினால் காற்று ஊதும் ரப்பர் பந்தால் ஊதினால் போதும்.

மீட்டருக்கு ஒரு எஸ்ஆர்44 பேட்டரி போட்டுப் பாருங்கள். பேட்டரி வைக்கும் குழியில் பச்சைக் களிம்பு இருந்தால் வினிகர் தொட்ட குச்சியால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். அதற்குப் பிறகும் முள் அசையாவிட்டால் உள்ளே கம்பி அரித்திருக்கலாம், அதற்குப் பற்றவைப்பு தேவை. இந்த மாடலில் மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது. படம் எடுக்காதபோது லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள்.

லென்சின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். பூஞ்சை வெளிக்கண்ணாடியில் என்றால், ஃபார்மசியில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை லென்ஸ் தாளில் நனைத்துத் துடைத்து, ஆல்கஹாலால் முடியுங்கள். பூஞ்சையின் அமிலம் லென்சின் மேற்பூச்சை அரித்திருந்தால் தடம் போகாது. சிறு தடம் படத்தில் பெரும்பாலும் தெரியாது. உள்ளே பரவியிருந்தால் பிரிக்க முயல வேண்டாம். அதே பென்டாக்ஸ் கே மவுண்டில் (கேமராவில் லென்ஸ் பொருந்தும் அமைப்பு) பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்குவதே மேல். வெயிலில் காய வைப்பதும் ஆகாது: சூட்டில் கிரீஸ் இளகி லென்சுக்குள் வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் அபெர்ச்சர் தகடுகளில் படியும்.

இனி காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் சிறிய ஈரமானியோடும் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் போதும். 30-க்குக் கீழே விட வேண்டாம்.