கல்ச்சரில் ஒன்றும் இல்லை, பிறகு ஏன் பூஞ்சைச் சந்தேகம்?

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 5 மாதம் ஆகிறது. பத்து நாளாகக் காய்ச்சல், வறட்டு இருமல். ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கவில்லை. ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எதுவும் வளரவில்லை. சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் முடிச்சுகள் தெரிவதால் பூஞ்சையாக இருக்கலாம், பிராங்கோஸ்கோப்பியும் (மூச்சுக் குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) எக்கோவும் (இதய ஸ்கேன்) வேண்டும் என்கிறார் டாக்டர். அவசியமா? வீட்டில் இருக்கும் குழந்தைக்குத் தொற்றுமா?

பதில்: முதலில் குழந்தையைப் பற்றி. இந்த வகைப் பூஞ்சைகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, பயம் வேண்டாம்.

டாக்டர் பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையைத்தான் சந்தேகிக்கிறார். அதன் நுண்விதைகள் காற்றில் எங்கும் உண்டு, எல்லோரும்தான் சுவாசிக்கிறோம். எதிர்ப்பு செல்கள் அவற்றை அழித்துவிடும். உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் மருந்துகள் அந்தச் செல்களைத்தான் மந்தமாக்குகின்றன. ரத்தக் குழாய்க்குள் ஊடுருவினாலும் இந்தப் பூஞ்சை ரத்தக் கல்ச்சரில் வளர்வது அபூர்வம். அதனால் அந்த ரிப்போர்ட்டை வைத்து நிம்மதி அடைய முடியாது.

டாக்டர் பாதுகாப்பு என்று சொன்னால் பிராங்கோஸ்கோப்பிக்குச் சம்மதியுங்கள். நுரையீரலைக் கழுவி எடுக்கும் திரவத்தில் காலக்டோமன்னன் (ஆஸ்பர்ஜில்லஸ் வெளியிடும் ஒரு பொருள்) இருக்கிறதா என்று பரிசோதனை செய்யலாம். இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு: மியூகார் பூஞ்சையும் ஸ்கேனில் இதேபோலத் தோன்றக்கூடும். ஆஸ்பர்ஜில்லஸுக்குத் தரும் வோரிகோனசோல் மியூகாரிடம் பலிக்காது, அதற்கு ஆம்போடெரிசின் பி வேண்டும். சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட் வருவதற்கு முன்பே மருந்தைத் தொடங்குவார்கள். அதுதான் சரி.

இதய வால்வில் பூஞ்சை பிடிப்பது மிக அரிது. ஆனால் பிடித்தால் பெரிய திட்டுகளாக வளர்ந்து, துண்டு உடைந்து மூளை அல்லது கால் ரத்தக் குழாயை அடைக்கும். பெரும்பாலும் மருந்தோடு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். எக்கோ அதற்காகத்தான். திடீரென்று பேச்சு குழறினாலோ, ஒரு கால் வலித்துச் சில்லிட்டாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பற்றி. வோரிகோனசோல் சேர்த்ததும் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் (புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் மருந்து) அளவு எகிறும், சிறுநீரகம் பாதிக்கப்படும். வழக்கமாக டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, அடிக்கடி ரத்த அளவு பார்ப்பார்கள். சிகிச்சை குறைந்தது 6 முதல் 12 வாரம் நீளும். வோரிகோனசோலை நிறுத்தும்போது நேர்மாறாக டாக்ரோலிமஸ் சரியும், புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கலாம். எனவே தொடங்கும் நாள், நிறுத்தும் நாள் இரண்டையும் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்குத் தவறாமல் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டதே என்று நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.