ஹோல்டன் பேச்சை மாற்றும் இடங்கள்

கேள்வி: காரைக்குடியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஜே. டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' நாவலின் உத்திகளைப் பற்றி அசைன்மென்ட். தன்மைக் கூற்று, குறியீடு, நகைமுரண் என்று எட்டு உத்திகளை எடுத்துக்காட்டோடு எழுதியும், "இது பட்டியல், ஆய்வு இல்லை" என்று மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படித் திருத்துவது?

பதில்: மேடம் சொன்னது சரிதான். கல்யாணத்துக்குச் சாமான் பரப்பியது போல எட்டையும் வரிசையாக வைத்துவிட்டீர்கள். அஞ்சாறைத் தூக்கிவிட்டு, ஒரே ஒரு கேள்வியோடு நாவலை மறுபடி புரட்டுங்கள்: இந்தப் பையன் எங்கெங்கே பேச்சை மாற்றுகிறான்?

1951இல் வந்த நாவல். பதினேழு வயது ஹோல்டன், முந்தைய கிறிஸ்துமஸ் சமயத்தில் நடந்ததைச் சொல்கிறான். தான் பெரிய பொய்யன் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். உடனே 'நம்பத்தகாத கதைசொல்லி' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டால் போதாது. எங்கள் அப்பத்தா "எனக்கென்ன கோபம்?" என்பார், அடுப்படியில் பாத்திரம் மட்டும் சத்தமாக விழும். ஹோல்டனிடமும் அந்தப் பாத்திரச் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.

அது நன்றாகக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. ஓர் அறையையோ வீட்டையோ வர்ணித்துக் கட்டுரை எழுதித் தரச் சொல்கிறான் அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டர். நாமாக இருந்தால் முகப்பில் ஆரம்பித்து, வளவு, இரண்டாங்கட்டு என்று பின்வாசல் வரை போய்விடுவோம். ஹோல்டனுக்கு ஒரு வீடும் வரவில்லை. தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதுகிறான். அதில் பச்சை மையில் கவிதைகள். அந்தப் பேச்சுவாக்கில்தான் ஆலி லுக்கேமியாவில் இறந்ததும், அன்றிரவு இவன் கராஜ் ஜன்னல்களைக் கையாலேயே குத்தி உடைத்ததும் வெளியே வருகின்றன. நாவலின் பெரிய துக்கமே இப்படிக் கிளைப்பேச்சாகத்தான் வருகிறது.

அப்புறம் இன்னோர் இடம். பேச்சுப் பயிற்சி வகுப்பில் யாராவது விஷயத்தை விட்டு விலகினால் மற்ற பையன்கள் கத்துவார்களாம். தனக்கோ விலகிப் பேசுகிறவர்களைத்தான் பிடிக்கும் என்கிறான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், உங்கள் வாதம் கிடைத்துவிடும்.

ஹோல்டன் போட்டுக்கொள்ளும் சிவப்புத் தொப்பியைத் 'தனித்தன்மையின் குறியீடு' என்று கைடு சொல்லும். ஆலிக்கும் தங்கை ஃபீபிக்கும் செம்பட்டை முடி என்பதைக் கவனித்தீர்களா? தொப்பி எப்போது யாரிடம் இருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் அதை அவன் தலையில் மாட்டிவிடுவது ஃபீபி.

தலைப்பே ஒரு பிழைதான். 'கேட்சர்' என்றால் பிடிப்பவன். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் வரியில் 'சந்தித்தால்' என்று இருப்பதை ஹோல்டன் 'பிடித்தால்' என்று நினைத்திருக்கிறான். ஃபீபி திருத்திய பிறகும், பள்ளத்தில் விழப்போகும் குழந்தைகளைப் பிடிக்கும் கனவை அவன் விடவில்லை. தம்பியைப் பிடித்து நிறுத்த முடியாதவன் அல்லவா? இதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கலாம்.

குளிர்காலத்தில் எங்கே போகும் என்று ஹோல்டன் கேட்கும் சென்ட்ரல் பார்க் வாத்துகளை இந்த முறை விட்டுவிடுங்கள். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.