பழைய பொக்லைன், புது எரர் கோட்: கேள்வி பதில்

செகண்ட்ஸ் எக்ஸ்கவேட்டர் வாங்கினவங்க அடிக்கடி கேக்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்றேன். சொல்ற அளவெல்லாம் 24 வோல்ட் வண்டிகளுக்குப் பொதுவானது. உங்க மாடலோட துல்லியமான எண்ணை சர்வீஸ் மேனுவல்ல ஒரு தடவை ஒத்துப் பார்த்துக்கோங்க.

அண்ணே, பம்ப் பிரஷர் சென்சார் எரர் வந்துச்சு. புது சென்சார் போட்டேன். ஒரு நாள் நல்லா ஓடிட்டு மறுநாள் அதே கோட். இன்னொண்ணு வாங்கிடவா?

வாங்காதீங்க தம்பி. அந்தக் கோட் சென்சாரைக் கைகாட்டல, அந்த சர்க்யூட்டைக் கைகாட்டுது. "இங்கேர்ந்து வர்ற வோல்டேஜ் சரியில்ல"ங்கிறது மட்டும்தான் ஈசியூவுக்கு, அதாவது வண்டியோட கம்ப்யூட்டருக்குத் தெரியும். கோட் கூட எஃப்எம்ஐன்னு, என்ன மாதிரிக் கோளாறுன்னு சொல்ற ஒரு எண் வந்தா அதையும் குறிச்சு வைங்க. 3ன்னா வோல்டேஜ் அளவுக்கு மேல, 4ன்னா அளவுக்குக் கீழ, 5ன்னா கரண்ட் குறைவு இல்ல சர்க்யூட் ஓப்பன்.

பிரஷர் சென்சார்ல பெரும்பாலும் மூணு ஒயர்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். கனெக்டரை உருவிட்டு, சாவியை ஆன்ல வச்சு, இன்ஜின் போடாம, ஒயர் பக்கத்துல முதல்ல சப்ளையையும் எர்த்தையும் பாருங்க. 5 வோல்ட் இருந்தா திரும்ப மாட்டி, கனெக்டருக்குப் பின்பக்கமா மெல்லிய ஊசியை விட்டு சிக்னலைப் பாருங்க. பிரஷர் இல்லாதப்ப 0.5 வோல்ட் பக்கம் நிக்கணும், பிரஷர் ஏற ஏற 4.5 வரைக்கும் போகலாம். சும்மா 0லயோ 5லயோ ஒட்டிக்கிட்டு நின்னா ஒயரைத் தேடுங்க. ஒயர் தோலைக் குத்தி அளக்கிற பழக்கம் வேண்டாம். அந்த ஓட்டை வழியா தண்ணி இறங்கி, உள்ளே செம்பு பச்சை பூத்துடும்.

ஒரு நாள் ஓடி நின்னதுன்னு சொல்றீங்களே, எனக்கு சந்தேகமே பின் மேலதான். இதே மாதிரி ஒரு வண்டியில பெண் பின் வாய் விரிஞ்சு கிடந்துச்சு. புது சென்சாரை மாட்டினப்ப கொஞ்சம் பிடிச்சுது, சூடும் அதிர்வும் சேர்ந்ததும் விட்டுடுச்சு. அதே அளவு ஆண் பின் ஒண்ணை எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலயும் விட்டு இழுத்துப் பாருங்க. லேசா இறுக்கிப் பிடிக்கணும். வழுக்கிக்கிட்டு வந்தா அந்த டெர்மினலை மாத்துங்க, சென்சாரை இல்ல. ரெண்டு பம்ப்புக்கும் ஒரே மாதிரி சென்சார்னா இடம் மாத்திப் போட்டுப் பாருங்க. கோட் கூடவே போனாத்தான் சென்சார் குற்றவாளி.

கழட்டுறதுக்கு முன்னாடி பக்கெட்டைத் தரையில ஊன்றி, இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன்ல வச்சு லிவரை எல்லாப் பக்கமும் பலதடவை ஆட்டுங்க. டேங்க் காத்தையும் விடுங்க. ஆயில் பீச்சுதான்னு கையால தடவிப் பார்க்கவே கூடாது. ஊசிமுனை லீக் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது. அப்பவும் உடனே ஆஸ்பத்திரிதான்.

ஒரே நேரத்துல நாலு சென்சார் எரர் வருது சார். நாலும் ஒண்ணா போகுமா?

போகாது. பல சென்சாருக்கு 5 வோல்ட் சப்ளை பொது. ஒண்ணு உள்ளே ஷார்ட் ஆனா எல்லாத்தையும் கீழே இழுத்துடும். சப்ளை ஒயர்ல மீட்டரை வச்சுக்கிட்டு கனெக்டரை ஒவ்வொண்ணா உருவுங்க. எதை உருவினதும் 5 திரும்புதோ அதுதான் திருடன். எதை உருவினாலும் திரும்பலேன்னா ஹார்னஸ் (ஒயர் கட்டு) எங்கேயோ உரசியிருக்கு.

சோலினாய்டு (கரண்ட் வந்தா காந்தமாகி வால்வை நகர்த்துற காயில்) கனெக்டர்ல 24 வோல்ட் காட்டுது. ஆனா வேலை செய்யல. காயில் போயிடுச்சா?

மல்டிமீட்டர் இந்த இடத்துல ஏமாத்தும். பத்து இழை அறுந்து ஒரு இழை மிச்சம் இருந்தாலும் 24 காட்டும். 24 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணை அந்த ரெண்டு பின்னுக்கும் குறுக்கே போடுங்க. மங்கலா எரிஞ்சா ஒயர்தான். ஸ்விட்ச், ரிலே வழியா வர்ற சாதாரண ஆன்-ஆஃப் சோலினாய்டுக்கு மட்டும்தான் இது. 5 வோல்ட் லைன்லயோ, ஈசியூ நேரா ஓட்டுற புரப்போர்ஷனல் வால்வுலயோ (கரண்ட் அளவுக்கு ஏத்த மாதிரி திறக்கிறது) பல்பைப் போட்டா ஈசியூவை நீங்களே கொன்னுடுவீங்க.

பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா, ஆன் பண்ணிட்டு காயில் நட்டுக்கிட்ட ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைங்க. இழுக்குதா? இழுத்தா கரண்ட் பிரச்சினை முடிஞ்சுது, வால்வுக்குள்ள நகர்ற உருளை, அதான் ஸ்பூல், மாட்டிக்கிட்டிருக்கான்னு பாருங்க. இழுக்கலேன்னா காயில்.

இன்ஜின் நல்லா ஓடுது. பூம், ஸ்விங், டிராக் எதுவும் அசையல.

எல்லாம் ஒண்ணா செத்தா முதல்ல பைலட்தான், அதாவது லிவரை ஆட்டினா பெரிய வால்வை நகர்த்துற குறைஞ்ச பிரஷர் ஆயில் லைன். சேஃப்டி லாக் லிவர் அடியில இருக்கிற சின்ன ஸ்விட்ச், அதோட ஃபியூஸ், பைலட் கட்-ஆஃப் சோலினாய்டு, இந்த வரிசையில போங்க. லிவர் ஸ்விட்ச்ல மண்ணு அடைச்சு நிக்கிறதுதான் நான் அதிகம் பார்த்தது. கரண்ட் சரியா இருந்தா பைலட் பிரஷரை கேஜ் போட்டு அளந்துடுங்க. பல வண்டியில 30லேர்ந்து 40 பார்குள்ள இருக்கும்.

காலையில நல்லா இருக்கு, ஆயில் சூடானதும் ஸ்லோ. எலெக்ட்ரிக்கலா, ஹைட்ராலிக்கா?

சில மாடல்ல பம்ப்புக்கு எமர்ஜென்சி ஸ்விட்ச் இருக்கும். அது ஈசியூவை ஒதுக்கிட்டு பம்ப் வால்வுக்கு நேரா ஒரு நிலையான கரண்டைக் கொடுக்கும். வண்டி சூடாகி ஸ்லோ ஆனப்ப அதைப் போட்டுப் பாருங்க. உயிர் வந்துட்டா சென்சார், ஒயரிங், ஈசியூ பக்கம் தேடுங்க. அதே ஸ்லோன்னா பம்ப், வால்வு தேய்மானம் பக்கம் போங்க. சூடான ஆயில் மெலிசாகி உள்ளுக்குள்ளேயே கசியும், காலையில கெட்டியா இருக்கிறப்ப அது தெரியாது. அந்த ஸ்விட்ச்லயே நாள் பூரா வேலை பார்க்காதீங்க, லோடு ஏறினா இன்ஜின் முக்கும்.

மானிட்டர்ல கம்யூனிகேஷன் எரர் வந்து வந்து போகுது.

பேட்டரியைக் கழட்டிட்டு கேன் ஒயர் (மானிட்டரும் ஈசியூவும் பேசிக்கிற ஜோடி ஒயர்) ரெண்டுக்கும் நடுவுல ஓம் பாருங்க. ரெண்டு கோடியிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதால 60 வரணும். 120 வந்தா ஒரு பக்கம் அறுந்திருக்கு. 0 பக்கம் வந்தா ரெண்டும் ஒட்டியிருக்கு. மீட்டரைப் பார்த்துக்கிட்டே ஒருத்தர் ஹார்னஸை ஆட்டட்டும்: கேபின் அடி, பூம் கால், ஸ்விங் மோட்டார் பக்கம், கிளாம்ப் காணாமப் போன எல்லா இடமும்.

ஸ்டீரியோவுக்கு ஒரு பேட்டரியிலேர்ந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருக்காங்க. விட்டுடலாமா?

விடாதீங்க. ஒண்ணு காலியாகும், இன்னொண்ணு ஓவர் சார்ஜ்ல கொதிக்கும். 24க்கு 12 கன்வெர்ட்டர் போடுங்க.

அடுத்த வாரம் ஒரு வண்டி பார்க்கப் போறேன். எதைக் கவனிக்கணும்?

இன்ஜின் சில்லுன்னு இருக்கணும். போறதுக்குள்ள ஓட்டி வச்சிருந்தா, காரணத்தைக் கேளுங்க. சாவி போட்டதும் வார்னிங் விளக்கெல்லாம் சில விநாடி மின்னி அணையுதா? மின்னாத விளக்குக்குப் பின்னால கதை இருக்கும். ஃபியூஸ் பாக்ஸ்ல ஃபியூஸ் இடத்துல கம்பி, டேப் சுத்தின ஜாயின்ட், பேர் இல்லாத ஸ்விட்ச், மூணையும் தேடுங்க. ஒரு மணி நேரம் வேலை வாங்கி, சூடானதும் எரர் ஹிஸ்டரியைத் திறங்க.

டெம்பரேச்சர் முள்ளையும் பாருங்க. ஒரு வண்டியில எவ்வளவு வேலை பார்த்தாலும் முள் நடுவுலேயே நின்னுச்சு. சென்சார் கனெக்டரை உருவினா, உள்ளே ரெண்டு பின்னுக்கு நடுவுல ஒரு ரெசிஸ்டர் சாலிடர் பண்ணி வச்சிருந்தாங்க. சூடு ஏறினா ஓம் குறையணும், அங்கே ஓம் அசையவே இல்ல. ரேடியேட்டர் முக்கால்வாசி அடைப்பு.

பக்கெட் காதுல வெல்டிங் வைக்கணும், ஈசியூவுக்கு என்ன பண்ணணும்?

பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டுங்க, ஈசியூ கனெக்டரையும் உருவுங்க. வெல்டிங் எர்த்தை வெல்ட் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே பிடிங்க. நடுவுல பின், பேரிங், சிலிண்டர் எதுவும் வரக்கூடாது. திரும்ப மாட்டும்போது கனெக்டர் பூட்டு 'க்ளிக்'குன்னு விழுந்துச்சான்னு காதால கேட்டுட்டு சாவியைப் போடுங்க.