எஞ்சின் கிடக்கட்டும், முதலில் துருவைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் வசிக்கிறேன். கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையில் 1970ஆம் ஆண்டு ஷெவர்லே ஷெவெல் ஒன்று பல ஆண்டுகளாக நிற்கிறது. இரண்டு கதவு, கறுப்பு வினைல் கூரை. மண் தரைதான், ஆனால் கொட்டகை ஒழுகவில்லை. ‘அசல் எஸ்எஸ் 396’ (சூப்பர் ஸ்போர்ட், ஷெவெலின் வேகமான வடிவம்) என்று சொல்லி அதற்கேற்ற விலையும் கேட்கிறார் உரிமையாளர். எஞ்சின் சுற்றவில்லை, ஜாம் ஆகியிருக்கலாம். என்னிடம் கராஜ் இருக்கிறது, சனி ஞாயிறு நேரமும் இருக்கிறது. எஞ்சினை ஓட வைக்க என்ன செலவாகும்? வாங்கலாமா?

பதில்: எஞ்சினைப் பற்றி நீங்கள் இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. இந்தக் காரின் வி8 எஞ்சினுக்கு வேண்டிய பிஸ்டன், பேரிங், வால்வு எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, திரும்பப் பூட்டுவதற்கு நல்ல பணிமனையில் பெரும்பாலும் பத்தாயிரம் டாலரை ஒட்டி ஆகும். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் அளவு தெரிந்த செலவு. உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட மண் தரை.

மண்ணிலிருந்து ஈரம் ஓயாமல் மேலே வந்துகொண்டே இருக்கும். கூரை ஒழுகாததால் காரின் மேல்பாகம் பார்க்க நன்றாகவே இருக்கும். அடிப்பாகம் மட்டும் ஆண்டு முழுக்க அந்த ஈரத்தைக் குடிக்கும். போதாக்குறைக்கு, ஓஹையோ குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிற மாநிலம். அந்தக் கார் ஓடிய காலத்தில் சக்கரம் வாரி இறைத்த உப்புச் சேறு, காரைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸின் உட்புறத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஷெவெலில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ஃபோர்டு மஸ்டாங்கைப் போல பாடியும் சேஸிஸும் ஒன்றாகவே பற்றவைத்த கார் இல்லை இது. கீழே தனி சேஸிஸ். அதன்மேல் ரப்பர் புஷ்கள் வைத்துப் பாடியைப் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். தேவைப்பட்டால் பாடியைக் கழற்றித் தூக்கிவிடலாம். கெட்ட அம்சம், அந்தச் சேஸிஸ் எங்கே அழுகும் என்றால் கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில். பின் அச்சுக்கு வழிவிட்டுச் சட்டம் மேலே வளைந்து, பின் சக்கரத்துக்குப் பின்னால் மறுபடி இறங்குகிறது அல்லவா, அந்த வளைவில்தான் சேறு தங்கும்.

காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். முன்பக்கத்திலிருந்து சட்டத்தை லேசாகத் தட்டிக்கொண்டே பின்னால் வாருங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும். வளைவுக்கு வந்ததும் ஒலி அடங்கி, தட்டத் தட்டத் துருச்செதில் முகத்தில் உதிர்ந்தால் (கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்) அங்கே திருப்புளி முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அது சேஸிஸே இல்லை, சேஸிஸின் நிழல். புதுச் சேஸிஸ் கிடைக்கிறது, வேறு காரிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் முழுக் காரையும் கழற்றிப் பூட்டுகிற வேலை அது, சனி ஞாயிறு வேலை அல்ல.

அடுத்து அந்தக் கறுப்பு வினைல் கூரை. வாங்குகிறவர்களுக்கு அது அழகு, எனக்கு அது சந்தேகம். வினைலுக்கு அடியில் ஈரம் புகுந்தால் வெளியேற வழியில்லை. பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள குரோம் பட்டையைப் பிடித்திருக்கும் ஆணிகளைச் சுற்றித்தான் முதல் துரு பிடிக்கும். கூரையில் விரலால் தடவிப் பாருங்கள். வினைலுக்குக் கீழே கொப்புளம் போலத் தட்டுப்பட்டால் அங்கே இரும்பு பொரிந்து கிடக்கிறது. பின் கண்ணாடியின் கீழ் மூலைகள் அரித்துப்போனால் மழைநீர் நேராக டிக்கிக்குள் இறங்கும். ஆகவே டிக்கியின் விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள். பிறகு நீங்களே உள்ளே தலையை நுழைத்து, வெளியே ஒருவரைக் கண்ணாடியின் மூலையில் டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் உள்ளே தெரிந்தால் பேரத்தில் பல ஆயிரம் டாலர் குறைக்க வேண்டும்.

பக்கத் தகடுகளுக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி, பின் சக்கரத்துக்குப் பின்னால் குவார்ட்டர் பேனலின் (காரின் பின்பாதிப் பக்கத் தகடு) அடிப்பாகத்திலும், முன் மட்கார்டில் கதவை ஒட்டிய கீழ் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே இருப்பது பட்டி. முன்பொருநாள் யாரோ ஓட்டையைப் பட்டியால் அடைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்.

இந்த டிங்கரிங் வேலையில்தான் பணம் போகும். அமெரிக்காவில் பாடி வேலைக்கு மணிக்கு நூறு டாலர் கேட்பது சர்வசாதாரணம். இரண்டு குவார்ட்டர் பேனல், டிக்கித் தரை, கண்ணாடிச் சட்டம் என்று வெட்டி ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் வரை போய்ச் சேர 300 மணி நேரம் ஆனால் 30,000 டாலர். மாற்றுத் தகடுகள் எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. தகடு மலிவு, அதைப் பொருத்தும் கைதான் விலை. வெல்டிங் நீங்களே கற்றுக்கொள்ளத் தயார் என்றால் கணக்கு மாறும்.

இனி ‘அசல் எஸ்எஸ்’ விவகாரம். 1970இல் எஸ்எஸ் என்பது தனி மாடல் அல்ல. ஷெவெலின் மாலிபு வகைக் காரின் மேல் வாங்குகிறவர் சேர்த்துக்கொண்ட ஒரு தொகுப்பு. எஸ்எஸ் 396க்கு அதன் குறியீடு இசட்25. அதனால் காரின் அடையாள எண் அதை உறுதிசெய்யாது. முன் கண்ணாடி வழியாக, டேஷ்போர்டின் ஓட்டுநர் பக்க மூலையில் அந்த எண் தெரியும். 13637 என்று தொடங்கினால் வி8 எஞ்சினோடு வந்த இரண்டு கதவு மாலிபு, அவ்வளவுதான். அது எஸ்எஸ்ஸாகவும் இருக்கலாம், பள்ளிக்கூட ஆசிரியர் ஓட்டிய சாதாரணக் காராகவும் இருக்கலாம். 135 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர் கார். அப்போது எஸ்எஸ் பேச்சுக்கே இடமில்லை, காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

1966 முதல் 1968 வரை எஸ்எஸ்ஸுக்குத் தனி எண் வரிசை இருந்தது. அது போனபின் பானட்டும் பேட்ஜும் மாற்றினால் மாலிபு எஸ்எஸ் ஆகிவிடுகிறது. இன்னும் பெரிய எஞ்சின் கொண்ட எஸ்எஸ் 454இல் 450 குதிரைத்திறன் எஞ்சினோடு வந்த கார்களுக்கு இன்று கிடைக்கும் விலையைப் பார்த்தால் ஏன் மாற்றுகிறார்கள் என்பது புரியும். பான்டியாக் கார்களுக்குத் தொழிற்சாலைப் பதிவேடு கிடைக்கிறது. ஷெவர்லேக்கு, கனடாவில் விற்ற கார்களைத் தவிர, அந்த வசதி இல்லை.

மிஞ்சியிருக்கும் நல்ல சான்று, காரைப் பூட்டியபோது தொழிற்சாலையில் கூடவே வந்த உத்தரவுத் தாள். பெட்ரோல் டேங்கின் மேல்பக்கத்திலோ, சீட்டின் ஸ்பிரிங்குக்குள்ளோ சொருகப்பட்டு மறந்துபோயிருக்கும். எலி தின்னாமல் விட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். டேங்கை இறக்கிப் பார்க்கலாமா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். அசல் என்று நம்புகிறவர் மறுக்கமாட்டார்.

தாள் கிடைக்காவிட்டால் பொருளைப் பார்க்க வேண்டியதுதான். பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டை மூடியில் எத்தனை போல்ட் என்று எண்ணுங்கள்: எஸ்எஸ்ஸில் 12, சாதாரண மாலிபுவில் பொதுவாக 10. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் எஸ்எஸ்ஸோடு வந்தது. டேஷ்போர்டில் வட்ட மீட்டர்கள் இருக்க வேண்டும், ஆனால் அதே டேஷ்போர்டு ஷெவர்லேயின் மான்டே கார்லோ காரிலும் உண்டு, கழற்றிப் போட்டுவிடலாம். இவற்றில் ஒன்று இருந்தால் அர்த்தமில்லை, எல்லாம் ஒருங்கே பழசாகவும் துருவேறியும் இருந்தால் நம்பிக்கை கூடும்.

எஞ்சின் அந்தக் காரோடு பிறந்ததா என்பதை, முன்புறத்தில் ஓட்டுநருக்கு வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சின்னத் தளம் சொல்லும். கிரீஸைத் துடைத்தால், கார் எண்ணின் கடைசி இலக்கங்கள் அங்கே பொறித்திருக்கும். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அதன் அடியில் தொழிற்சாலை எந்திரம் இழுத்த மெல்லிய இணைகோடுகள் தெரிகின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். தளம் வழவழவென்று இருந்து எண் மட்டும் பளிச்சென்று இருந்தால், மேல்தளத்தைக் கடைந்தபோது பழைய எண் போய், பிறகு யாரோ புதிதாக அடித்திருக்கலாம். இன்னொன்று: பேட்ஜில் 396 என்றிருந்தாலும் 1970 எஞ்சினின் கொள்ளளவு உண்மையில் 402 கன அங்குலம். யாராவது அளந்து ‘வேறு எஞ்சின்’ என்று சொன்னால் பதற வேண்டாம்.

டேஷ்போர்டு எண்ணும் உரிமைப் பத்திரத்து எண்ணும் பொருந்தாவிட்டால், அல்லது எண் தகட்டின் பூவிதழ் வடிவ ரிவெட்டுகளைத் தோண்டியிருந்தால், எவ்வளவு அழகான காராக இருந்தாலும் தொடாதீர்கள். அது மெக்கானிக் தீர்க்கும் பிரச்சினை இல்லை, போலீஸ் பிரச்சினை.

வாங்குவதற்கு முன் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் அடித்துப் பார்க்க உரிமையாளரை விடாதீர்கள். ஜாம் ஆன பிஸ்டனை வலுக்கட்டாயமாகச் சுற்றினால் சிலிண்டரில் கோடு விழும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு பிளக் துளையிலும் துரு நெகிழ்த்தும் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கிராங்க்கின் முன் போல்ட்டில் நீளக் கைப்பிடி ஸ்பேனரை வைத்துக் கையால் அசைக்க வேண்டும். எஞ்சினின் பக்கவாட்டுத் தக்கைகள் வெளியே தள்ளியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். வெறும் தண்ணீரோடு குளிர்காலத்தில் விட்டிருந்தால் அது உறைந்து விரிந்து, பிளாக்கே பிளந்திருக்கக்கூடும்.

என் தீர்ப்பு இது. சேஸிஸ் கணீரென்று ஒலித்து, பத்திரம் சரியாக இருந்தால், சான்று எதுவும் இல்லாத மாலிபுவின் விலையைச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு டாலர்கூட வேண்டாம். பேட்ஜ் மாற்றிய மாலிபுவை ஓட்டுவதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அதை எஸ்எஸ் விலைக்கு வாங்குவதில்தான் ஆட்சேபம். உரிமையாளர் இறங்கி வராவிட்டால், அல்லது பின்வளைவில் திருப்புளி உள்ளே இறங்கினால், அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் ஒரு சாதாரண மாலிபுவைத் தேடுங்கள். அங்கே வெயிலில் டேஷ்போர்டு வெடித்து, சீட்டுத் துணி பொடிப்பொடியாகியிருக்கும். அவையெல்லாம் பெட்டியில் புதிதாக வருகிற சாமான். டிரக்கில் ஏற்றி ஓஹையோ கொண்டுவருவதற்கான கூலி, இந்தக் காரின் ஒரு பக்க குவார்ட்டர் பேனலை மாற்றும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.