மகன் அனுப்பும் வெள்ளி எந்த வழியாக வர வேண்டும்?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே எங்களுக்கு 9 மா (சுமார் 3 ஏக்கர்) நஞ்சை உள்ளது. என் மூத்த மகன் 2 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் கட்டுமான வேலை செய்கிறான். வங்கியைவிட வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) ஐம்பது காசு கூடுதலாகக் கிடைக்கிறது என்று உண்டியலில், அதாவது வங்கி சாராத ஹவாலா வழியில், பணம் அனுப்புகிறான். ரூபாய் இன்னும் இறங்கும் என்று கூறி, பாதிச் சம்பளத்தை அங்கேயே வைத்திருக்கிறான். இப்போது எங்கள் வரப்பை ஒட்டிய 6 மா விலைக்கு வருகிறது. அதை அவன் பெயரில் கிரயம் செய்யலாமா? பணத்தை எந்த வழியில் வரவழைப்பது? (வாசகர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: ஐயா, உண்டியலைக் கைவிடாமல் உங்களுடைய மற்றக் கேள்விகளுக்குச் சரியான விடை கூற இயலாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். உண்டியலில் உங்கள் மகன் கொடுக்கும் வெள்ளி கடல் கடப்பதே இல்லை. அது வெளிநாட்டிலேயே தங்கிவிட, இங்கே ஒருவர் தம்மிடம் சேர்ந்திருக்கும் ரூபாயை எடுத்து உங்கள் கையில் தருகிறார். கடந்து வந்தது ஒரு தொலைபேசிச் செய்தி மட்டுமே. அந்த ஐம்பது காசும் தருமத்துக்காகத் தரப்படுவதன்று. கணக்கில் காட்டாமல் வெளிநாட்டு நாணயம் தேவைப்படுகிற யாரோ ஒருவர், தங்கம் கடத்துபவராகவும் இருக்கலாம், அந்த வெள்ளிக்குக் கொடுக்கும் கூடுதல் விலையின் ஒரு சிறு பங்கு அது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999 இவ்வழியில் அனுப்புவதை மட்டுமல்லாமல் பெறுவதையும் தடை செய்கிறது. அபராதம் தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். பெறுபவர் நீங்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

வங்கி வழியாக வரும்போது நடப்பதே வேறு. வெளிநாட்டு நாணயம் இந்திய வங்கியின் கைக்கு வருகிறது, உங்களுக்கு ரூபாய் கிடைக்கிறது, அந்த நாணயத்தை நாடு தன் இறக்குமதிக்குச் செலவிடுகிறது. உங்கள் சம்பாப் பயிருக்கு இடும் பொட்டாஷ் ஏறத்தாழ முழுவதும் வெளிநாட்டிலிருந்து வருவதே. டிராக்டர் டீசலுக்கான கச்சா எண்ணெயில் பெரும்பகுதியும் அப்படியே. சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் கம்பி கட்டும் மகனின் சம்பளமும் மன்னார்குடி உரக்கடை மூட்டையும் நாட்டின் ஒரே கணக்குப் புத்தகத்தில் வரவாகவும் செலவாகவும் எழுதப்படுகின்றன. ரிசர்வ் வங்கியின் ஆய்வின்படி 2023-24இல் இந்தியாவுக்கு இவ்வாறு வந்த தொகை 11,870 கோடி அமெரிக்க டாலர்; அதில் சிங்கப்பூரின் பங்கு 6.6 சதவீதம், பெறும் மாநிலங்களில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். உண்டியலில் வந்த உங்கள் பணம் இந்தக் கணக்கில் இல்லை. இருந்திருந்தால், பின்னர் நிலம் வாங்கும்போது 'பணம் எங்கிருந்து வந்தது' என்று கேட்பவருக்குக் காட்ட ஒரு சான்றும் உங்களிடம் இருந்திருக்கும்.

ரூபாய் இறங்கும்வரை காத்திருக்கலாமா என்பதற்கும் மேற்சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. ரூபாய் இறங்கினால் மகனின் வெள்ளிக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உரத்துக்கும் டீசலுக்கும் சமையலறைப் பாமாயிலுக்கும் நாடு கூடுதல் ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும், மானியம் எவ்வளவு தாங்கினாலும் அதன் ஒரு பகுதி உங்கள் வீட்டுச் செலவில் வந்து சேரும். மேலும், வளைகுடா நாணயங்களில் திர்ஹமும் ரியாலும் டாலரோடு நிலையாகக் கட்டப்பட்டவை. டாலர் ஏறினால் அவையும் அதே அளவு ஏறும். சிங்கப்பூர் வெள்ளியை அந்நாட்டு மத்திய வங்கி பல நாணயங்களின் தொகுப்போடு ஒப்பிட்டு நிர்வகிக்கிறது. ஆகவே துபாயில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கணிப்பு உங்கள் மகனுக்கு அப்படியே பொருந்தாது. குடும்பச் செலவுக்கானதை மாதந்தோறும் அனுப்பிவிடச் சொல்லுங்கள்; ஏற்ற இறக்கம் ஆண்டு முழுவதிலும் சராசரியாகிவிடும்.

காத்திருப்பதைவிட எனக்குக் கவலை தருவது, மகனின் வேலை அனுமதி முதலாளியோடு பிணைக்கப்பட்டது என்பதே. 1990இல் குவைத்தில் போர் மூண்டபோது 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானத்தில் அழைத்துவரப்பட்டனர். வளைகுடாப் பணவரவு குறைய, எண்ணெய் விலையும் ஏற, அடுத்த ஆண்டே நாடு தங்கத்தை அடகு வைக்கும் நிலைக்கு வந்தது. 2020இல் சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டபோது நம் பகுதிக் குடும்பங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்ததே. நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும்.

கணக்கைப் பொறுத்தவரை, வேலைக்காக வெளிநாடு சென்றவர் இங்கு வைத்திருந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வரவுக்கான ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. அங்கு ஈட்டுவதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு ஏற்றது. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை, பணத்தை மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லவும் தடையில்லை. உள்ளூர்ச் செலவுக்கு அதிலிருந்து எடுக்க அவர் உங்களுக்கு அதிகாரம் அளிக்கலாம். பெருந்தொகையை ரூபாயாக மாற்ற மனமில்லையென்றால் எஃப்.சி.என்.ஆர். வைப்பில் 1 முதல் 5 ஆண்டுகள் வரை வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருக்கலாம். சிங்கப்பூர் வெள்ளியில் ஏற்கிறார்களா என்பதை மட்டும் வங்கியில் கேட்டறியுங்கள். உங்கள் மாதச் செலவுக்கு, நம் யு.பி.ஐ.யையும் சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வையும் சேர்த்து 2023 பிப்ரவரியில் தொடங்கிய இணைப்பு உண்டியலின் வேகத்துக்குக் குறைந்ததன்று.

இனி நிலம். வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வீடோ மனையோ வாங்கலாம். விவசாய நிலத்தை விலைக்கு வாங்க இயலாது. எனவே அந்த 6 மாவை மகன் பெயரில் கிரயம் செய்யாதீர்கள். உங்கள் பெயரில் வாங்கலாம், ஆனால் 'பெயருக்குத்தான் அப்பா, நிலம் என்னுடையது' என்ற பேச்சு பினாமிச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். மகன் உங்களுக்கு உண்மையாகவே கொடையாக வங்கி வழியில் அனுப்பட்டும். பெற்ற மகன் தரும் கொடைக்கு உங்களுக்கு வருமான வரி இல்லை. ஒரு கொடைக் கடிதம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம்.

அப்படி வாங்கினால் நிலம் முழுமையாக உங்களுடையது என்பதை மகனுக்கும் விளக்கிவிடுங்கள். 'மூத்த மகன்' என்று எழுதியிருப்பதால் வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்று கொள்கிறேன். நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவரானால், உயில் இல்லாத நிலையில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. வெயிலில் நின்று சம்பாதித்தவருக்கென்று தனிப்பங்கு கிடையாது. அவருக்கே சேர வேண்டுமென்றால் உயில் எழுத வேண்டும். வெளிநாட்டில் இருந்தாலும் வாரிசாக விவசாய நிலத்தைப் பெறத் தடையில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஆண்டு அந்த 6 மாவை வாங்கமாட்டேன். நம் பிள்ளைகள் கடல் கடந்து போக, நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வரும் காலம் இது. இருக்கும் 9 மாவுக்கே ஆள் தேடும் நிலையில், பொறுப்பை மேலும் கூட்டுவது உங்கள் உடல்நலத்தையும் மேட்டூர்த் தண்ணீரையும் நம்பி எடுக்கும் முடிவாகும். வாங்கியே தீர வேண்டுமென்றால், மகன் அடுத்த விடுப்பில் வரும்போது முதலில் வங்கிக்குச் சென்று கணக்கை மாற்றுங்கள், வில்லங்கச் சான்றை அதற்குப் பிறகு போட்டுப் பார்க்கலாம்.